சென்று கண்டோரும் வந்து சொன்னோரும்

(ஆரணியில் நடைபெற்ற கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக ஏழைப் பிள்ளைகளின் கையில் ஏட்டையும் எழுதுகோலையும் கொடுத்துவரும் ஒரு கழகத்தின் மேடையில் நிற்பது பெரும்பேறு. கழகத்தை வாழ்த்த வேண்டிய சொற்களையெல்லாம் எனக்கு முன் பேசிய சான்றோர்கள் நிறைவாகவே வழங்கிவிட்டனர். ஆகையால், எனக்களிக்கப்பட்ட நேரத்தை ஒரே ஒரு பொருளைப் பற்றி உங்களோடு சேர்ந்து சிந்திப்பதற்குப் பயன்படுத்திக்கொள்ள விரும்புகிறேன். நம்முடைய அரசியல் பிரதிநிதிகள் மேற்கொள்ளும் பயணங்களே அப்பொருள்.

அமைச்சர் ஒருவர் அயல்நாடு செல்கிறார் என்னும் செய்தி நாளேட்டில் வந்தால், நம் தேநீர்க் கடைகளில் இருவகைப் பேச்சு எழும். ‘நம் பணத்தில் ஊர் சுற்றப் போகிறார்’ என்பது ஒன்று. ‘போய்வந்தால் கோடி கோடியாய்க் கொண்டுவருவார்’ என்பது மற்றொன்று. இகழ்வோரும் புகழ்வோரும் ஒன்றில் ஒத்திருக்கின்றனர். சென்றவர் தம்மோடு எதைக் கொண்டு போனார், போன இடத்தில் யாரிடம் எதைக் கேட்டார், திரும்பி வந்து யாருக்குக் கணக்குச் சொன்னார் என்னும் மூன்று கேள்விகளை இரு சாராருமே கேட்பதில்லை. இம்மூன்றையும் கேட்கத் தெரிந்த இளைஞர் கூட்டத்தை ஊர்தோறும் உருவாக்குவது ஒரு கல்விக் கழகத்தின் கடமைகளுள் தலையாயது என்பது என் துணிபு. அதற்குச் சான்றுகளை வேறெங்கும் தேட வேண்டா. நம் முன்னோர் வரலாற்றிலேயே அவை நிறைந்துள்ளன.

காகிதம் கடல் கடந்தது

இரட்டைமலை சீனிவாசன் அவர்களை அறியாதார் இங்கே இலர். செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்து, 1891இல் பறையர் மகாஜன சபையைக் கண்டு, 1893 முதல் ‘பறையன்’ என்னும் இதழை நடத்திய பெருமகனார் அவர். அவர் இலண்டன் செல்வதற்குப் பல்லாண்டுகள் முன்னரே அவரது காகிதம் இலண்டன் சென்றுவிட்டது. இந்தியக் குடிமைப் பணித் தேர்வை இங்கிலாந்தில் மட்டுமன்றி இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரசார் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. அவ்வாறு நடந்தால் ஆட்சிப் பதவிகள் அனைத்தும் மேல்சாதியார் கைக்கே போய்ச்சேரும் என்று அஞ்சிய நம்மவர்கள் 1893 டிசம்பரில் சென்னையில் கூடினர். 3,412 பேர் கையொப்பமிட்ட, 112 அடி நீளமுள்ள விண்ணப்பம் ஒன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பப்பட்டது.

அன்றைய நிலைப்பாட்டைப் பற்றி இன்று இருவேறு கருத்துகள் இருக்கலாம். நான் சுட்ட விரும்புவது அந்த 112 அடியை. கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களே அரிதாயிருந்த ஒரு மக்கள் கூட்டத்திடம் தெருத்தெருவாய்ச் சென்று 3,412 பேரின் ஒப்புதலைப் பெற்றவர்கள், ஒரு பெயரைச் சொல்லும்போதே அதன் பின்னே எத்தனை பேர் நிற்கின்றனர் என்பதையும் காட்டினார்கள். பிரதிநிதி என்னும் சொல்லுக்குப் பொருள் அதுவேயன்றோ?

அதன்பின் அவர் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்று, அங்கே நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றி, 1921இல் நாடு திரும்பினார். 1923இல் சென்னைச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுக் கட்டடம் ஆகியவற்றை நம் மக்கள் பயன்படுத்தத் தடையில்லை என்னும் தீர்மானம் 1924இல் அம்மன்றத்தில் நிறைவேறியபோது அதற்காக வாதாடினார். உள்ளூர்க் கிணற்றை அறிந்தவரும் வெளிநாட்டு நீதிமன்றத்தை அறிந்தவருமாகிய ஒருவர் நம்மிடையே உருவானது இவ்வாறுதான்.

இலண்டனுக்குக் கொண்டு சென்றது என்ன?

1930 நவம்பர் 12ஆம் நாள் இலண்டனில் முதல் வட்டமேசை மாநாடு தொடங்கியது. ஒடுக்கப்பட்ட வகுப்பினரின் சார்பாக இருவர் அழைக்கப்பட்டனர். ஒருவர் அண்ணல் அம்பேத்கர். மற்றவர், எழுபது வயதைக் கடந்துவிட்ட நம் இரட்டைமலையார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரை அவர் சந்தித்ததையும், தீண்டாமை இன்னதென்று அம்மன்னருக்கு எடுத்துரைத்ததையும் நாம் மேடைதோறும் சொல்லி மகிழ்கிறோம். மகிழ்வது தகும். ஆயினும் அந்நிகழ்ச்சியைப் போற்றும் நாம், அவ்விருவரும் மாநாட்டின் சிறுபான்மையினர் துணைக்குழுவில் அளித்த கோரிக்கை மனுவைப் பெரும்பாலும் மறந்துவிட்டோம். இளைஞர்கள் படிக்க வேண்டியது அம்மனுவையே.

அதில் எட்டு நிபந்தனைகள் இருந்தன. சம குடியுரிமை, அவ்வுரிமைகளைத் தடையின்றித் துய்த்தல், பாகுபாட்டிலிருந்து காப்பு, சட்டமன்றங்களில் போதிய இடம், அரசுப் பணிகளில் போதிய இடம், புறக்கணிக்கப்பட்டால் முறையிட வழி, நலனுக்கெனத் தனித் துறை, அமைச்சரவையில் பங்கு ஆகியவையே அவை. நிபந்தனைகள் சிலவற்றுக்கு அவர்கள் வேறு நாடுகளின் சட்டங்களிலிருந்து சான்று காட்டினார்கள். அமெரிக்க அரசியல் சட்டத்தின் பதினான்காம் திருத்தத்தை எடுத்துக்காட்டினார்கள். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களைக் காக்க அமெரிக்காவில் 1866, 1875 ஆகிய ஆண்டுகளில் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டங்களைக் காட்டினார்கள். 1920ஆம் ஆண்டின் அயர்லாந்து அரசாங்கச் சட்டத்தைக் காட்டினார்கள். சாதிக் கட்டுப்பாட்டுக்கு எதிராக, 1922இல் பர்மாவில் இயற்றப்பட்ட புறக்கணிப்புத் தடைச் சட்டத்தின் வாசகங்களைச் சிறு மாற்றங்களோடு எடுத்தாண்டார்கள்.

நண்பர்களே, பர்மாச் சட்டம் ஏன் தேவைப்பட்டது? நம் ஊர்களில் நடக்கும் ‘ஊர்க்கட்டுப்பாடு’ என்னும் கொடுமை யாருக்கும் தெரியாததன்று. கிணற்றில் நீர் எடுத்தான் என்பதற்காக, நல்ல வேட்டி கட்டினான் என்பதற்காக, கூலியை உயர்த்திக் கேட்டான் என்பதற்காகக் கடையில் பொருள் கொடுக்க மாட்டார்கள். வயலில் வேலை தர மாட்டார்கள். நாவிதரையும் வண்ணாரையும் வரவிடமாட்டார்கள். ஒருவர் மேலும் கை படாது, ஆனால் ஒரு சேரியே பட்டினியில் கிடக்கும். அடித்தால் வழக்குத் தொடரலாம், பேசாமலும் கொடுக்காமலும் இருப்பதை எந்தச் சட்டத்தின் கீழ் வழக்காக்குவது? இக்கேள்விக்கு விடையை அவர்கள் தேடிக் கண்டுபிடித்துக் கையோடு கொண்டு சென்றார்கள்.

அக்கொடுமையை அண்ணல் அவர்கள் ஏட்டில் மட்டும் படித்தவரல்லர். ஒடுக்கப்பட்ட மக்களின் குறைகளை ஆராயப் பம்பாய் அரசு 1928இல் அமைத்த குழுவில் அவர் உறுப்பினர். 1929இல், ஒரு கிராமத்தில் நம்மவர்மீது போடப்பட்டிருந்த ஊர்க்கட்டுப்பாட்டை விசாரித்துவிட்டுத் திரும்பும் வழியில் சாலிஸ்காமில் இறங்கினார். அவரை ஏற்றிச் செல்லக் குதிரை வண்டிக்காரர் எவரும் உடன்படவில்லை. வண்டியோட்டிப் பழகாத நம்மவர் ஒருவரே ஓட்ட நேர்ந்தது. பாலத்தருகே குதிரை தடுமாற, அண்ணல் தூக்கியெறியப்பட்டுக் கால் முறிந்தது. கொலம்பியாவிலும் இலண்டனிலும் பட்டம் பெற்ற பாரிஸ்டர், அரசாங்கம் அனுப்பிய குழுவின் உறுப்பினர், விசாரிக்கச் சென்ற குற்றத்துக்குத் தாமே இரையானார். அக்குழுவின் அறிக்கை ஊர்க்கட்டுப்பாட்டைப் பற்றிச் சொன்ன செய்திகளும் இலண்டன் மனுவில் இடம்பெற்றன. சாலிஸ்காம் அறியாதவர் பர்மாச் சட்டத்தைத் தேடியிருக்க மாட்டார். பர்மாச் சட்டம் அறியாதவருக்குச் சாலிஸ்காம் வெறும் துயரக் கதையாகவே நின்றுபோயிருக்கும்.

அந்த மனுவின் பயன் என்ன என்று கேட்பீர்கள். அரசியலமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 15ஆம் பிரிவு கடைகளையும் கிணறுகளையும் சாலைகளையும் நமக்குத் திறந்துவிட்டது. 1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது. 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. அச்சட்டத்துக்கு 2015இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், சமூகப் புறக்கணிப்பையும் பொருளாதாரப் புறக்கணிப்பையும் பெயர் சொல்லியே வன்கொடுமையாக அறிவித்தது. 1930இல் இலண்டன் மேசைமேல் வைக்கப்பட்ட ஒரு கோரிக்கை முழு வடிவம் பெற 85 ஆண்டுகள் ஆயின. காலம் கடந்தாலும் காகிதம் அழியவில்லை.

காட்டியதைக் கண்ட குழுக்கள்

நம்மவர் வெளியே சென்ற பயணங்களைப் போலவே, வெளியார் நம்மைக் காண வந்த பயணங்களும் உண்டு. அவற்றில் நன்மையும் உண்டு, ஏமாற்றமும் உண்டு. செங்கற்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் தம் மாவட்டத்துச் சேரிகளின் நிலையை ஆராய்ந்து 1891இல் அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். அதன் விளைவாகவே 1892 முதல் நம் மக்களுக்குப் பஞ்சமி நிலங்கள் ஒதுக்கப்பட்டன. ஒருவர் நேரில் சென்று, கண்டதைக் கண்டவாறே எழுதியதால் விளைந்த பயன் அது. அந்நிலங்களில் எத்தனை இன்று நம் கையில் உள்ளன என்பது வேறு கதை. அதற்குப் பின்னர் வருகிறேன்.

இதற்கு மாறான சான்றும் உண்டு. வாக்குரிமையை வகுக்க 1932இல் லோத்தியன் பிரபுவின் தலைமையில் ஒரு குழு மாகாணங்களைச் சுற்றி வந்தது. அண்ணலும் அதில் ஓர் உறுப்பினர். நம் மக்களின் தொகை எவ்வளவு என்பதைப் பொறுத்தே நமக்குரிய இடங்கள் அமையும் என்னும் நிலை வந்தவுடன், அதுவரை இருந்த மக்கள் திடீரென்று காணாமற் போயினர்! ஐக்கிய மாகாணத்தில் தீண்டப்படாதோர் 1 கோடியே 26 இலட்சம் என்றது 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கு. அம்மாகாணத்து வாக்குரிமைக் குழுவோ 6 இலட்சம் மட்டுமே என்றது. தங்கள் பகுதியில் தீண்டாமையே இல்லை என்று ஊர்ப் பெரியவர்கள் வாக்குமூலம் அளித்தால், தொலைவிலிருந்து வந்தவர்கள் என் செய்வர்? அதனை மறுத்துச் சொல்லக் கையில் கணக்கு வைத்திருந்த ஒருவர் குழுவுக்குள் இருந்தமையால், நாம் கணக்கிலிருந்து முற்றும் மறையாமல் தப்பினோம்.

1932 ஆகஸ்டில் வந்த வகுப்புவாரித் தீர்ப்பு சென்னை மாகாணத்தில் நமக்கு 18 இடங்களைத் தனித்தொகுதியாக அளித்தது. செப்டம்பர் 24ஆம் நாள் கையெழுத்தான பூனா ஒப்பந்தம் அதனை 30 இடங்களாக உயர்த்தியது. ஆனால் தனி வாக்காளர் தொகுதியை எடுத்துக்கொண்டது. எண்ணிக்கை பெருகிற்று, பிடி தளர்ந்தது. இதன் பொருள் பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் இலண்டனிலேயே விளங்கியது. 1946ஆம் ஆண்டுத் தேர்தல்களில் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு மிகச் சில இடங்களையே பெற்றது. அதனைக் காட்டியே, அவ்வாண்டு வந்த அமைச்சரவைத் தூதுக்குழு நம் கோரிக்கைகளைத் தள்ளியது. 1946 அக்டோபரில் அண்ணல் மீண்டும் இலண்டன் சென்றார். பிரதமர் அட்லியையும் எதிர்க்கட்சித் தலைவர் சர்ச்சிலையும் சந்தித்தார். 1930இல் இருந்த அதே அறிவும் அதே வாதத்திறமும் அவரிடம் இருந்தன. ஆயினும் பயணம் பயன் தரவில்லை. உள்ளூரில் வாக்குப் பெட்டி சொல்லாததை உலகத் தலைநகரில் வாய் சொல்லி நிலைநாட்ட முடியாது என்னும் கசப்பான பாடத்தை நாம் இதிலிருந்து கற்க வேண்டும்.

கற்று வருவதும் ஒரு பயணமே

கேட்கச் செல்வதேயன்றிக் கற்கச் செல்வதும் உண்டு. தந்தை பெரியார் 1931 டிசம்பரில் சென்னையில் கப்பலேறி, எஸ். இராமநாதன், ஈரோடு இராமு ஆகியோருடன் கிரேக்கம், துருக்கி, சோவியத் ரஷ்யா, ஜெர்மனி, ஸ்பெயின், இங்கிலாந்து முதலிய நாடுகளைக் கண்டு 1932 நவம்பரில் திரும்பினார். தொழிலாளர் அமைப்புகளையும் நாத்திகக் கழகங்களையும் தேடிச் சென்றார். நாட்குறிப்பு எழுதினார். இங்கிலாந்துத் தொழிலாளர் கூட்டத்திலேயே, தொழிற்கட்சி ஆட்சி இந்தியத் தொழிலாளிக்கு என்ன செய்தது என்று குறை கூறினார். திரும்பும் வழியில் இலங்கையிலேயே பேசத் தொடங்கிவிட்டார். திரும்பிய மறுமாதமே சிங்காரவேலருடன் சேர்ந்து ஈரோட்டு வேலைத் திட்டத்தை இயக்கத்தின்முன் வைத்தார். அத்திட்டத்தை ஏற்பவரும் மறுப்பவரும் இருக்கலாம். சென்று வந்த ஒருவர் இரண்டு மாதத்துக்குள் தம் மக்கள்முன் ஒரு திட்டத்தை வைத்து விவாதத்துக்கு விட்டார் என்பதே இங்கு நாம் நோக்கத்தக்கது. இரட்டைமலையாரும் அவ்வாறே தம் இறுதிக்காலத்தில், 1939இல், ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்னும் சிறு நூலை எழுதி, தாம் சென்றதையும் செய்ததையும் நமக்குக் கணக்காக ஒப்படைத்துச் சென்றார்.

ஐரோப்பா ஆரணிக்கு வரும் வழி

‘ஐரோப்பியச் செய்தி நமக்கெதற்கு? பட்டுத் தறியும் நெல் வயலும் உள்ள ஆரணியில் இருந்துகொண்டு ஜெர்மனியைப் பற்றிப் பேசலாமா?’ என்று சில இளைஞர்கள் எண்ணக்கூடும். பேசித்தான் ஆக வேண்டும். ஏனெனில் நாம் அங்கே போகாவிட்டாலும் அங்குள்ள சட்டம் இங்கே வருகிறது.

தோலைப் பூஞ்சை பிடிக்காமல் காக்கப் பயன்பட்ட பென்டாகுளோரோபீனால் என்னும் நச்சுப் பொருளை ஜெர்மனி 1989இல் தடைசெய்தது. உடனே அதிர்ந்தவை ஆம்பூரும் வாணியம்பாடியும் இராணிப்பேட்டையும் ஆகும். நம் பழைய வட ஆர்க்காட்டின் தோல் பதனிடும் ஆலைகள் ஐரோப்பியக் கொள்முதலை நம்பியிருந்தன. அந்த ஆலைகளின் தொட்டிகளில் இறங்கி நின்றவர்களில் பெரும்பாலோர் நம்மவர்களே. அதற்கு முன் எத்தனை ஆண்டுகள் அந்த நஞ்சு அவர்கள் தோலில் ஊறியது? அணிபவனின் உடல்நலத்துக்காக ஜெர்மானியர் சட்டம் செய்தார்கள். பதனிட்டவனின் உடல்நலத்தைப் பற்றி நம் பிரதிநிதிகள் அன்றே பேசியிருக்க வேண்டும். பாலாறு கெட்ட பின்னர், 1996 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்புரைக்க நேர்ந்தது.

சாயத்தின் கதையும் இதுவே. சில அசோ சாயங்கள் சிதையும்போது புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள்களைத் தருகின்றன என்பதால் ஜெர்மனி 1994இல் அவற்றுக்குத் தடை விதித்தது. 1997இல் இந்திய அரசும் அத்தகைய சாயங்கள் பலவற்றைத் தடைசெய்தது. புடவையை உடுத்துபவரைக் காட்டிலும் சாயத் தொட்டியில் கைவிட்டு நூலை அலசுபவருக்கே முதல் ஆபத்து. ஆரணியைப் போன்ற நெசவூருக்கு இது அயலார் செய்தி ஆகுமா?

தறியடியில் அமரும் குழந்தைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். குடும்பம் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளை தறியில் உட்காரும் வழக்கம் பட்டு நெசவு நடக்கும் ஊர்களில் நீண்டகாலம் இருந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. ஆயினும் 2003இல் ஒரு பன்னாட்டு மனித உரிமை அமைப்பு காஞ்சிபுரம் உட்பட இந்தியப் பட்டுத் தொழிலின் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி விரிவான அறிக்கை வெளியிட்டது. அக்குழந்தைகளில் பலர் தலித் பிள்ளைகள் என்று அது கூறியது. பிறகு பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் துணையோடு நடந்த குழந்தைத் தொழிலாளர் ஒழிப்புத் திட்டத்தில் நம் திருவண்ணாமலை மாவட்டமும் சேர்க்கப்பட்டது. எங்கிருந்தோ வந்தவர் நம் பிள்ளைகளை எண்ணிச் சென்றார். நாம் எண்ணி வைத்திருந்தோமா?

நம் வழக்கை உலக மன்றத்துக்குக் கொண்டு சென்றவர்களையும் நன்றியோடு நினைவுகூர்வோம். 2001இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நடந்த இனவெறி எதிர்ப்பு மாநாட்டுக்கு தலித் அமைப்புகள் பெருந்திரளாகச் சென்றன. சாதி என்னும் சொல் அம்மாநாட்டின் இறுதி அறிவிக்கையில் இடம்பெறவில்லை. ஆனால் மறு ஆண்டே, பிறப்பின் அடிப்படையிலான பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று ஐக்கிய நாடுகளின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு பரிந்துரைத்தது. 2007 பிப்ரவரி 1ஆம் நாள் ஐரோப்பிய நாடாளுமன்றம் இந்திய தலித் மக்களின் மனித உரிமை நிலை குறித்து ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. இத்தீர்மானங்களால் ஒரு கிணறும் தானாகத் திறந்துவிடாது. எனினும் வெளியுறவும் வணிகமும் பேசச் செல்லும் நம் ஆட்சியாளர் எவரும், அவ்வழக்கைத் தாம் கேள்விப்பட்டதேயில்லை என்று இனிச் சொல்ல இயலாது.

2025 ஆகஸ்டு இறுதியில் முதலமைச்சராக மு. க. ஸ்டாலின் ஜெர்மனிக்கும் இங்கிலாந்துக்கும் சென்று தொழில் முதலீட்டு ஒப்பந்தங்களைச் செய்துவந்தார். ஆக்ஸ்போர்டில் பெரியாரின் படத்தையும் திறந்துவைத்தார். இத்தகைய பயணங்களின் முடிவில் எத்தனை கோடி, எத்தனை ஆயிரம் வேலை என்னும் கணக்கு வெளியிடப்படுவது மரபு. அவ்வேலைகளில் எத்தனை நம் பிள்ளைகளுக்கு என்னும் அடுத்த வரியை யார் எழுதுவார்? தனியார் துறையில் நமக்கு இடஒதுக்கீடு தரும் சட்டம் கிடையாது. எந்தக் கட்சி ஆண்டாலும், எந்த முதலமைச்சர் சென்றாலும், அந்த வரியைக் கேட்டு வாங்க வேண்டியவர்கள் நாமே.

மதுரைக்குச் சென்று திரும்பாதவர்

இலண்டனையும் ஜெர்மனியையும் பேசிய நாவால் மற்றொரு பயணத்தையும் சொல்லாமற் போனால் அது நீதியாகாது. 73ஆம் திருத்தத்தின் பயனாய் ஊராட்சித் தலைவர் பதவிகள் நமக்கும் ஒதுக்கப்பட்டன. மதுரை மாவட்டம் மேலவளவில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன், 1997 ஜூன் 30ஆம் நாள் மதுரை ஆட்சியர் அலுவலகம் சென்று பேருந்தில் திரும்பும்போது, துணைத் தலைவர் மூக்கன் முதலியோரோடு வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களிலோ 2006 வரை தலைவர் தேர்தலே முறையாக நடைபெற விடப்படவில்லை. ஒரு பிரதிநிதிக்குக் கடல் கடந்து செல்வது எளிதாகவும், இன்னொரு பிரதிநிதிக்கு ஆட்சியர் அலுவலகம் சென்று வருவது உயிர்ப்பணயமாகவும் இருக்கும் நாடு இது. பெரிய பதவியில் இருப்போர் பறக்கும்போது, இந்தப் பேருந்தை மறக்கலாகாது.

நாம் செய்யத்தக்கது

இனி, செயலுக்கு வருவோம். சட்டமன்றத்தின் மதிப்பீட்டுக் குழுவும் பொதுக் கணக்குக் குழுவும் மனுக்கள் குழுவும் மாவட்டங்களுக்கு ஆய்வுப் பயணம் வருகின்றன. தேசிய பட்டியல் சாதியினர் ஆணையமும் விசாரணைக்கு வருகிறது. அவர்கள் வரும்போது வெள்ளையடித்த விடுதியையும் புதிதாய்க் கூட்டிய தெருவையும் காட்டி அனுப்புவோர் இருப்பர். நம் கையில் எழுதிய கணக்கு இல்லையாயின், அவர்கள் காட்டியதே உண்மையாகிவிடும். ஐக்கிய மாகாணத்தின் ஆறு இலட்சம் நம் வட்டத்திலும் நடக்கும்.

ஆகவே, இவ்வெள்ளி விழா ஆண்டில் நம் கழகம் ஊர்தோறும் ஒரு குறிப்பேடு தொடங்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். எத்தனை குடும்பங்கள், எத்தனை பேருக்கு மனைப்பட்டா உண்டு, வருவாய்த் துறைப் பதிவேட்டில் பஞ்சமி நிலம் எவ்வளவு, அது இன்று யார் கையில், சுடுகாட்டுப் பாதை உண்டா, பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் எத்தனை பேர், முன்பணத்தில் கட்டுண்ட குடும்பங்கள் எத்தனை, விடுதியில் இடம் கேட்டுக் கிடைக்காதோர் எத்தனை பேர். ஆண்டுக்கு ஒருமுறை, நம் கழகத்தில் படித்த பிள்ளைகளே வீடுவீடாகச் சென்று எழுத வேண்டும். கேட்டதை எழுதுங்கள். கேளாததைக் கூட்டி எழுதாதீர்கள். ஒரு பொய் எண் புகுந்தால் நூறு மெய் எண்களும் மதிப்பிழக்கும்.

அப்பதிவேட்டின் ஒரு படியைத் தொகுதி உறுப்பினர்களிடம், அவர்கள் எக்கட்சியினராயினும், கொடுப்போம். அவர்கள் சென்னை சென்றாலும் டெல்லி சென்றாலும் பிரஸ்ஸல்ஸ் சென்றாலும் அது அவர்கள் பெட்டியில் இருக்கட்டும். திரும்பியதும் இம்மன்றத்துக்கு அழைத்து, இன்முகத்தோடும் மரியாதையோடும் நம் மூன்று கேள்விகளைக் கேட்போம். மாலை போட்டுவிட்டுக் கேள்வி கேட்பதில் தவறில்லை. மாலை மட்டும் போட்டு அனுப்புவதே தவறு.

இளைஞர்களே, நீங்களும் செல்லுங்கள். அயல்நாட்டில் உயர்கல்வி கற்க நம் மாணவர்க்கு நடுவணரசு 1954ஆம் ஆண்டு முதல் உதவித்தொகை வழங்கிவருகிறது. மாநில அரசின் உதவியும் உண்டு. ஆரணியிலிருந்து ஏன் பத்துப் பேர் விண்ணப்பிக்கக் கூடாது? சென்று, அந்நாட்டுத் தொழிலாளி எவ்வாறு சங்கம் வைத்தான், அந்நாட்டுக் கறுப்பின மக்கள் எவ்வாறு வழக்காடினர், அந்நாட்டு நகராட்சி ஏழைக்கு எவ்வாறு வீடு கொடுத்தது என்று கற்று வாருங்கள். ஆனால் புறப்படுமுன் உங்கள் தெருவின் கணக்கை மனப்பாடம் செய்துகொண்டு புறப்படுங்கள். தன் தெருவை அறியாதவன் உலகைச் சுற்றினாலும் அவனுக்குக் கேட்கக் கேள்வி இராது.

3,412 கையெழுத்துகளைத் திரட்டிய நம் பாட்டன்மார்க்குப் பள்ளிக் கட்டடம் இல்லை, கழகம் இல்லை, இந்த மேடை இல்லை. இவை அனைத்தும் உள்ள நாம், ஊருக்கு ஒரு குறிப்பேட்டைக் கூட எழுதாமல் அடுத்த விழாவுக்குக் கூடினோம் என்னும் பழி நமக்கு வேண்டா. வரும் சித்திரைக்குள் முதல் குறிப்பேடு இக்கழகத்தின் மேசைமேல் இருக்கட்டும்.

கழகம் வாழ்க! கல்வி வளர்க!